கிழக்கு வார்டில் காய்ச்சல் இல்லை

நகாமோரி ஊர் அலுவலகம், சுகாதாரப் பிரிவு
மார்ச் 17, 1998

கமாதா கினுயோ அவர்களுக்கு,

கூரைப் பனி சொட்டத் தொடங்கிவிட்டது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாட்சுகாசே முதியோர் இல்லத்தில் வாரம் இரண்டு அரைநாள் நீங்கள் செய்து வரும் வாய்ப் பராமரிப்புச் சுற்றுக்கான ஒப்பந்தம் இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதியுடன் முடிகிறது. புது நிதியாண்டில் அதைப் புதுப்பிக்க இயலவில்லை. ஆண்டுக்கு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் யென் செலவாகிறது. அதனால் என்ன பலன் என்று காட்ட எங்கள் பிரிவின் கணக்கில் ஒரு வரியும் இல்லை. ஐந்து ஆண்டு உழைப்புக்கு நன்றி.

இதுவரை நான் எழுதியது பிரிவுத் தலைவராக. இனி எழுதுவது வெறும் தொசாவா. போன வாரம் என் மேசைக்கு முன்னால் நின்று நீங்கள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டிருக்கிறது. "இனிமே இந்தப் படியை மிதிச்சேன்னா என் பேரு கினுயோ இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால்தான் நாலு நிமிட நடையில் இருக்கும் உங்கள் பல் மருத்துவமனைக்கு அஞ்சல்தலை ஒட்டி அனுப்புகிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பனி தள்ளும் வண்டி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

தொசாவா யாசுஹிரோ


மார்ச் 20

தொசாவா சானுக்கு,

உங்களுக்குக் கோபம் இல்லை என்று தெரிந்து நிம்மதி. எனக்கு இருக்கிறது.

பலன் தெரியவில்லை என்கிறீர்கள். ராத்திரி தூங்கும்போது எச்சில் கொஞ்சம் தப்பான வழியில் இறங்கும். உங்களுக்கும் இறங்கும், எனக்கும் இறங்கும், இருமித் துப்பிவிடுவோம். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு இருமத் தெம்பில்லை. அழுக்கு வாயாக இருந்தால் எச்சிலோடு கிருமியும் நுரையீரலுக்குப் போகும். அப்புறம் காய்ச்சல், அப்புறம் நிமோனியா, அப்புறம் ஆம்புலன்ஸ். நான் துலக்குவது பல்லை இல்லை ஐயா, நுரையீரலை.

இன்னொன்று. வயிற்றில் குழாய் வைத்து உணவு போகிறவர்களுக்கு வாயைக் கழுவவே வேண்டாம் என்று இல்லத்தில் முதலில் நினைத்திருந்தார்கள். சாப்பிடாத வாய் சுத்தமாகத்தானே இருக்கும் என்று. அந்த வாய்தான் இருப்பதிலேயே மோசம். மெல்லாத வாயில் எச்சில் சுரக்காது. எல்லாம் காய்ந்து மேலண்ணத்தில் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் கொந்தோ கென்சோ தாத்தாவின் வாயிலிருந்து நான் ஊறவைத்து எடுத்ததை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். தப்புப் பண்ணிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலையில் சம்பளமில்லாமல் போகப்போகிறேன். முப்பத்தாறு வாயை ஒரு காலையில் முடிக்க முடியாது. கிழக்கு வார்டின் பதினெட்டு பேரை மட்டும் பார்ப்பேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் தினமும் துலக்கிவிடக் கற்றுக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேற்கு வார்டுத் தலைமைப் பணியாளரோ ஊர் அலுவலக உத்தரவு இல்லாமல் பிரஷைத் தொடமாட்டாராம். உத்தரவு போடவேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பனி வண்டிக்கு என் வாழ்த்துகள்.

கினுயோ


ஜூலை 5

கினுயோ சானுக்கு,

ஏப்ரல் இடமாற்றத்தில் என்னைத் தூக்கி மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் போட்டுவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கலைத்துப் போடுவது எங்கள் வழக்கம். ஊராரின் ஆஸ்பத்திரி பில்கள் இப்போது என் மேசைக்குத்தான் வருகின்றன.

எழுதும் காரணம் வேறு. என் அம்மா மித்சு மே மாதம் முதல் மாட்சுகாசேயில், மேற்கு வார்டில் இருக்கிறார். எண்பத்தொரு வயது. மனைவி போனபின் நானும் அவரும்தான். பகலில் தனியாக விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது. போன ஞாயிறு பார்க்கப் போனபோது பேசின் கதையைச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த பெண், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, வார்டில் பல்செட் வைத்திருக்கும் பதினோரு பேருடையதையும் கழற்றி ஒரே பேசினில் போட்டுக் கழுவிவிட்டாளாமே.

"எல்லாரும் உதட்டை இறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்கடா, சம்பந்தி சண்டை மாதிரி. எனக்குத்தான் சொந்தப் பல்லாச்சே, நான் ஒருத்திதான் பேசிக்கிட்டே இருந்தேன்" என்று அம்மா சிரித்தார். மத்தியான இடைவேளையில் நீங்கள் வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தீர்களாம். "இது சுகவாரா தாத்தாது, இடது பக்கமாவே மெல்லுவாரு, தேஞ்சிருக்கு பாருங்க. இது மியூரா சானோடது, புகை பிடிக்கிற பைப்பைக் கடிச்சுக் கடிச்சுப் பள்ளம் விழுந்திருக்கு." இருபது நிமிடத்தில் பதினோரு பேருக்கும் அவரவருடையது போய்ச் சேர்ந்துவிட்டது. மேற்கு வார்டு உங்கள் பொறுப்பில்கூட இல்லை. அம்மா அதை நாலு தடவை சொன்னார்.

இந்த ஊரில் எல்லோருடைய கையெழுத்தும் எனக்குத் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எல்லோருடைய கடியும் தெரிந்திருக்கிறது. நான் அசந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஞாயிறு கிழக்கு வார்டை முடித்தபின், அம்மாவை மட்டும் ஒரு பார்வை பார்க்க முடியுமா?

தொசாவா


ஜூலை 9

தொசாவா சானுக்கு,

முடியாது.

கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் களேபரத்தில் பேசின் ஓரமாக உட்கார்ந்து புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயைக் கறுக் கறுக்கென்று மென்று மற்றவர்களை வெறுப்பேற்றிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தேன். இருபத்தொரு பற்கள், எல்லாம் சொந்தம். கையும் நன்றாக இருக்கிறது, தானே துலக்குகிறார். அவர் படுக்காமல் இருக்கும்வரை பயமில்லை.

கிழக்கில் ஏழு பேரால் கையைத் தூக்க முடியாது. நாலு பேருக்கு வயிற்றில் குழாய். இவர்களில் யாரை விட்டுவிட்டு உங்கள் அம்மாவிடம் போகட்டும்? ஒரு பெயர் சொல்லுங்கள், வருகிறேன்.

கினுயோ


நவம்பர் 24

கினுயோ சானுக்கு,

நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. நாலு மாதமாக எழுதாததற்கு அதுதான் காரணம்.

இன்று எழுதுவதை யாரிடமும் காட்டவேண்டாம். ஏப்ரலிலிருந்து வந்த ஆஸ்பத்திரி பில்களில் மாட்சுகாசே முகவரி உள்ளவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். நிமோனியா என்று சேர்ந்தவர்கள் மேற்கு வார்டில் ஏழு பேர். கிழக்கில் ஒருவர். போன வருடம் இதே மாதங்களில், நீங்கள் இரண்டு வார்டுக்கும் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் சேர்த்து மூன்று.

நம்பவில்லை. மேற்கில் வயதானவர்கள் அதிகமோ என்று பார்த்தேன். இல்லை, கிழக்கில்தான் அதிகம். தற்செயலோ என்றும் யோசித்தேன். இருக்கலாம். ஆனால் மேற்கின் ஏழு பில்லும் சேர்ந்து அறுபது லட்சம் யென்னைத் தாண்டுகிறது. நான் மிச்சம் பிடித்தது ஒன்பது லட்சத்து அறுபதாயிரம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உங்கள் சம்பளம் சுகாதாரப் பிரிவின் செலவு. அதனால் மிச்சமானது காப்பீட்டுப் பிரிவின் வரவு. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு பூந்தொட்டி மட்டும்தான். இந்த மேசைக்காரன் அந்த மேசைத் தாளைப் பார்ப்பதில்லை. இடமாற்றம் வந்திருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன். உண்மையில் இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

சுற்றை மறுபடி தொடங்கவேண்டும் என்று பட்ஜெட்டில் சேர்க்க ஒரு தாள் எழுதலாம். அது எட்டு மேசைக்குப் போய் எட்டு முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் முதல் கேள்வி, போன வருடம் இதை வெட்டியது யார் என்பதாகத்தான் இருக்கும். யோசிக்க அவகாசம் வேண்டும்.

தொசாவா


நவம்பர் 27

தொசாவா சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். ஐந்து வருடமாக நான் வாயால் கத்தியதை நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டீர்கள். இரண்டாம் முறை கடைசிப் பத்தியைப் படித்து எரிச்சல் வந்தது.

அவகாசமா? மேற்கு வார்டில் யாரும் உங்களுக்காகக் காத்திருந்து நோயில் விழப்போவதில்லை. தலைகுனிவு என்று பயப்படுகிறீர்கள். குனிந்தால் குனிந்துவிட்டுப் போகிறது, தரையில் பணமா கிடக்கிறது பொறுக்குவதற்கு என்று யாராவது கேட்டால் ஆமாம் அறுபது லட்சம் என்று சொல்லுங்கள்.

கினுயோ


டிசம்பர் 20

கமாதா கினுயோ அவர்களுக்கு,

அம்மா நேற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஜலதோஷம் என்று இரண்டு வாரம் படுக்கையில் இருந்திருக்கிறார். எழுந்து துலக்கத் தெம்பில்லை. யாரும் துலக்கிவிடவும் இல்லை. வலது நுரையீரலில் நிமோனியா. மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தீர்கள். அவர் படுத்திருந்த அறை நடைக்கூடத்தில் முப்பது அடி தள்ளி. கிழக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

இதை எழுதியபின் இருபது முறை கோடிட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை.

தொசாவா


டிசம்பர் 22

தொசாவா சானுக்கு,

ஆமாம். தேர்ந்தெடுத்தேன். அவர் படுத்திருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஞாயிறு அந்தக் கதவைத் தாண்டிப் போய்த்தான் வாசலில் செருப்பு மாற்றினேன்.

நாளை விடுமுறை நாள். மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். தலைமை நர்ஸிடம் பேசிவிட்டேன். நீங்கள் வெளியே போகச் சொன்னால் போகிறேன். ஆனால் அம்மாவின் வாயை முடித்துவிட்டுத்தான் போவேன்.

கினுயோ


பிப்ரவரி 21, 1999

கினுயோ சானுக்கு,

அம்மா பதினைந்து நாளுக்கு முன்பு மாட்சுகாசேக்குத் திரும்பிவிட்டார். நாற்பத்தொன்பது நாள். போகும்போது கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தவர், சக்கர நாற்காலியில் வந்தார். கால் இனி வராது என்கிறார் டாக்டர்.

உயிரோடு வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அன்று நீங்கள் கதவைத் திறந்து வந்தபோது நான் எழுந்து நிற்கக்கூட இல்லை. அதை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "மித்சு சான், நான்தான், பேசின்காரி" என்றீர்கள். உதட்டுக்கு ஈரம் தடவி, விரலால் கன்னத்தின் உள்பக்கத்தை மெல்ல நீவி, அந்தப் பொருக்கு தானாக இளகும்வரை காத்திருந்தீர்கள். அரை மணி நேரம். அவசரமே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குப் போகவில்லை. முப்பது வருடமாக அலுவலகத்தில் இருக்கிறேன். ஒருவர் தன் வேலையை அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதன்பின் நீங்கள் தினமும் வேலை முடிந்து வந்தீர்கள். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

போன வாரம் அம்மாவின் பில் என் மேசைக்கு வந்தது. பதின்மூன்று லட்சத்து நாற்பதாயிரம் யென். சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டியவன் நான்தான். வைத்தேன். உங்கள் ஒரு வருட வேலையைவிட அதிகம், என் அம்மா ஒருவருக்கு.

அன்று மாலையே தாளை எழுதினேன். தாள் தானாக மேசை மேசையாகப் போவதுதான் வழக்கம். நான் கையில் எடுத்துக்கொண்டு எட்டு மேசைக்கும் போனேன். கேட்பதற்கு முன்பே, வெட்டியது நான்தான் என்று சொன்னேன். ஏழு முத்திரை கிடைத்துவிட்டது. எட்டாவது, பட்ஜெட் தலைவர், ஊர்ச் சபையில் நீயே பேசி ஒப்புதல் வாங்கு என்று சொல்லிவிட்டார்.

பில்லைச் சபையில் காட்டலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். திட்டினார். "காட்டுடா. ஊரே எனக்காகக் கட்டின பணம். ஊர் தெரிஞ்சுக்கட்டும். எதுக்கு மூடி மூடி வைக்கிறே? என் பேரையும் சொல்லு. வயசைச் சொல்லாதே."

சபை மார்ச் 12, காலை பத்து மணிக்கு.

தொசாவா


மார்ச் 14

தொசாவா சானுக்கு,

வந்திருந்தேன். பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலி, முகமூடி போட்டுக்கொண்டு. படியை மிதித்துவிட்டேன். இனி என் பெயர் என்ன என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் பேசும்போது குரல் நடுங்கவில்லை. அந்த மரக்கடை உறுப்பினர், "அப்போ போன வருஷம் இதை நிறுத்தின புத்திசாலி யாரு?" என்று கேட்டாரே, பாதிச் சபை சிரித்தது. "நான்தான்" என்றீர்கள். சிரிப்பு நிற்கவில்லை. "சரி, பதிமூணு லட்சம் பதிமூணு லட்சம்கிறீங்களே, அது யாரு வீட்டு பில்லு?" என்றார். "எங்க அம்மாவோடது. தொசாவா மித்சு. நான் நிறுத்தினதால வந்த பில்லு. நானே முத்திரை வச்சேன்" என்றீர்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மரக்கடைக்காரர்தான் ஒப்புதலுக்கு முதலில் கையைத் தூக்கினார், கவனித்தீர்களா?

போன கடிதத்தில் என் வேலையைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்கிறேன். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. நேற்று முன்தினம் நீங்கள் செய்ததை என்னால் செய்திருக்க முடியாது. நான் கத்துவேன். தப்பு என்னுடையது என்று நாலு பேர் முன்னால் சொன்னதில்லை, ஒருமுறைகூட.

ஏப்ரல் முதல் செவ்வாய் மேற்கு வார்டில் தொடங்குகிறேன்.

கினுயோ


மார்ச் 31

கினுயோ சானுக்கு,

இடமாற்றப் பட்டியல் வந்துவிட்டது. மூன்று வருடம் ஆகவில்லை, ஒரு வருடத்திலேயே எனக்கு மாற்றம். நாளை முதல் நீர் வழங்கல் பிரிவு. உறைந்த குழாய்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அதிகமாகப் பேசியவனுக்கு ஓய்வு என்றார்கள். போகட்டும். சுற்று தொடர்கிறது.

மேசையைக் காலி செய்யும்போது ஒன்று தோன்றியது. உங்கள் வேலை பலித்தால் அதைக் காட்ட இந்த அலுவலகத்தில் ஒரு தாளும் இருக்காது. நோயில் விழுந்தவருக்குப் பில் இருக்கிறது. விழாதவருக்கு என்ன இருக்கிறது? புதிதாக வருபவர் இந்த அலமாரியைத் திறந்தால் உங்களைப் பார்க்கவே முடியாது, நான் பார்க்காமல் போனதைப் போல. அதனால் அப்படி ஒரு தாளை நானே எழுதிவிட்டேன். ஒன்றை அலமாரியில் வைத்தேன். நகல் உங்களுக்கு.

மாட்சுகாசே இல்லம், கிழக்கு வார்டு. ஏப்ரல் 1998 முதல் மார்ச் 1999 வரை நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த விவரம்:

சசாகி தோமே, 88. ஒன்றும் இல்லை.
கொந்தோ கென்சோ, 91. வயிற்றில் குழாய். ஒன்றும் இல்லை.
ஓனோதேரா ஹாரு, 84. ஒன்றும் இல்லை.
நரிதா இவாவோ, 90. வயிற்றில் குழாய். ஒன்றும் இல்லை.

சேர்ந்த அந்த ஒருவரை விட்டால், இப்படிப் பதினேழு பேர். மீதி இணைத்த தாளில். கீழே என் முத்திரையை வைத்திருக்கிறேன். காப்பீட்டுப் பிரிவில் நான் வைத்த கடைசி முத்திரை அது. அவ்வளவு நிறைவாக வேறு எதற்கும் வைத்ததில்லை.

தொசாவா


ஏப்ரல் 7

தொசாவா சானுக்கு,

நேற்று செவ்வாய். மேற்கை முதலில் முடித்தேன். மித்சு சான், "மகன் குழாய் பாக்கப் போயிட்டான், நீ என் வாயைப் பாரு" என்று ஆவென்று திறந்தார். இருபத்தொன்றும் பத்திரம்.

அப்புறம் கிழக்கு. உங்கள் தாளைக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். குனியும்போது சசாகி தோமே பாட்டியின் மடியில் விழுந்தது. கண்ணாடி போட்டுப் படித்துவிட்டார். எண்பத்தெட்டு வயதில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னடி இது, என் பேரு போட்டிருக்கு?"

"ஊர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க."

"என்னன்னு?"

"வருஷம் பூரா உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு."

பாட்டி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"ஒண்ணும் ஆகாததுக்கு ஒரு கடுதாசியா?"

"அதுக்குத்தான் தோமே சான். வாயைத் திறங்க."

கினுயோ